இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தொகுப்பு: கேட்போர் கருத்தும் விமர்சனமும்

'திருவாசகம்' என்பது மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்தின் சில பகுதிகளுக்கு இளையராஜா இசையமைத்து 2005ஆம் ஆண்டு வெளியான இசைத்தொகுப்பு ஆகும். 'சிம்பொனியில் திருவாசகம்' என்ற பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. ஜெகத் கஸ்பர் ராஜ் அடிகளார் பொறுப்பில் இயங்கிய தமிழ் மையம் இதைத் தயாரித்தது. லாஸ்லோ கோவாக்ஸ் நடத்த, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமி அரங்கில் வெளியிடப்பட்டது.

வெளிவந்த நாள் முதல் இத்தொகுப்பு குறித்து மாறுபட்ட கருத்துகள் நிலவி வருகின்றன. அக்கருத்துகளைத் தொகுத்து, எந்த அளவுகோலால் இதை மதிப்பிடுவது பொருந்தும் என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தொகுப்பின் அமைப்பு

திருவாசகத்தில் 51 பகுதிகள் உள்ளன. அவற்றுள் ஆறிலிருந்து மட்டுமே இத்தொகுப்புக்குப் பாடல்கள் எடுக்கப்பட்டுள்ளன. தொகுப்பில் வரும் வரிசைப்படி அவை:

1. யாத்திரைப் பத்து
2. சிவபுராணம் (ஒரு பகுதி)
3. திருக்கோத்தும்பி
4. பிடித்த பத்து
5. திருப்பொற்சுண்ணம்
6. அச்சப் பத்து

இவற்றுள் யாத்திரைப் பத்து, திருக்கோத்தும்பி, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து ஆகிய நான்கும் தில்லையில் அருளப்பட்டவை என்பது மரபு. சிவபுராணம் திருப்பெருந்துறைக்கும், பிடித்த பத்து திருத்தோணிபுரம் எனப்படும் சீர்காழிக்கும் உரியவை. ஆறில் நான்கு தில்லைக்கு உரியவை என்பதால், புடாபெஸ்டில் இசைக்கப்பட்ட இத்தொகுப்பைச் சிதம்பரத்தின் பாடல்கள் என்று சொன்னாலும் தவறில்லை.

மக்கள் நன்கறிந்த திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் இதில் இல்லை. இவ்விரண்டும் மார்கழி மாதத்தில் கோயில்தோறும் ஒலிப்பவை. ஆகவே கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு மெட்டோடு பதிந்திருப்பவை. அதிகம் பாடப்படாத பகுதிகள் பலவற்றைத் தேர்ந்துகொண்டதால் இசையமைப்பாளருக்குச் சுதந்திரம் கிடைத்தது. கேட்பவருக்கும் புதிய பாடல்கள் அறிமுகமாயின.

பின்புலம்: கடலூரும் சிதம்பரமும்

இத்தொகுப்பின் மீதான விவாதத்தைப் புரிந்துகொள்ளச் சிதம்பரத்தின் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல, இறைவனே அந்தணர் வடிவில் வந்து திருவாசகத்தை ஏட்டில் எழுதினார் என்பது மரபு. அந்த ஏடு பொன்னம்பலத்தின் படியில் காணப்பட்டது. தில்லைவாழ் அந்தணர்கள் அதன் பொருள் என்னவென்று மாணிக்கவாசகரைக் கேட்டனர். அவர் நடராசரைக் காட்டி, இவரே பொருள் என்று கூறி, அவ்வொளியில் கலந்தார். திருவாசகத்தைப் பற்றி முதன்முதலாக எழுப்பப்பட்ட கேள்வி இவ்வாறு அதன் பொருளைப் பற்றியதாகவே இருந்தது. மெட்டையோ பண்ணையோ யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, தமிழிசை இயக்கம். 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் 1941இல் தமிழிசை மாநாடு நடைபெற்றது. கேட்பவருக்குப் புரியும் மொழியில் பாட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இசைக்கு மொழி முதன்மையானதன்று, தரமே முதன்மையானது என்ற நிலைப்பாட்டைச் சென்னை மியூசிக் அகாடமி எடுத்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மியூசிக் அகாடமியின் அரங்கில் ஒரு தமிழ் நூலின் இசைவடிவம் வெளியிடப்பட்டது. ஆயினும் சொல்லுக்கு இசையா, இசைக்குச் சொல்லா என்ற பழைய கேள்வி மட்டும் மாறவில்லை.

திருவாசகத்தை யார், எங்கே பாடலாம் என்பதும் இம்மாவட்டத்தில் வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. சிதம்பரம் நடராசர் கோயிலின் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரமும் திருவாசகமும் பாடும் உரிமைக்காகக் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி நெடுநாள் போராடினார். தமிழ்நாடு அரசின் ஆணைக்குப் பின் 2008 மார்ச் 2 அன்று அவர் அங்கே பாடினார். இத்தொகுப்பு வெளிவந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவுறாத காலம் அது.

கேட்போர் கருத்துகள்

இத்தொகுப்பைக் கேட்டவர்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் இளையராஜாவின் திரைப்பாடல்கள் வழியாக இதற்கு வந்தவர்கள். பாடத்திட்டத்தில் மனப்பாடப் பகுதியாக மட்டும் திருவாசகத்தை அறிந்திருந்த பலருக்கு, முழுப் பதிகத்தையும் தேடிப் படிக்கும் ஆவலை இத்தொகுப்பு ஏற்படுத்தியது. ஆனால் இவர்களுள் சிலர், இளையராஜா செய்தது என்பதாலேயே குறை சொல்லக்கூடாது என்ற நிலையை எடுத்தனர். அந்த நிலை விமர்சனத்துக்கு இடம் தருவதில்லை.

இரண்டாம் வகையினர் சைவ மரபில் வந்தவர்கள். ஓதுவார்கள் பாடக் கேட்டும், வீட்டுப் பூசையில் பாராயணம் செய்தும் திருவாசகத்தோடு பழகியவர்கள். இவர்களிடம் வரவேற்பும் இருந்தது, தயக்கமும் இருந்தது.

மூன்றாம் வகையினர் மேற்கத்தியச் செவ்வியல் இசையை அறிந்தவர்கள். இவர்கள் 'சிம்பொனி' என்ற சொல்லிலிருந்தே தங்கள் மதிப்பீட்டைத் தொடங்கினர்.

மூன்று வகையினரும் ஒரே தொகுப்பைத்தான் கேட்டனர். ஒவ்வொருவரும் வேறு வேறு ஒன்றை எதிர்பார்த்துக் கேட்டனர். கருத்துகள் இவ்வளவு வேறுபட்டதற்கு அதுவே முதற்காரணம்.

'சிம்பொனி' என்ற சொல்

சிம்பொனி என்பது பெரும்பாலும் வாத்தியங்களுக்காக எழுதப்படும் இசைவடிவம். வழக்கமாக நான்கு பகுதிகளைக் கொண்டது. ஓர் இசைக்கருத்தை எடுத்து வளர்த்து, மாற்றி, மோதவிட்டு, முடிவுக்குக் கொண்டுவருவது அதன் முறை. இந்த இலக்கணத்தின்படி 'திருவாசகம்' சிம்பொனி அன்று. இதில் ஆறு பாடல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்து நிற்பது.

இது ஒரட்டோரியோ என்ற வடிவத்தைச் சேர்ந்தது. சமயப் பாடலை அடிப்படையாகக் கொண்டு, தனிக்குரல், சேர்ந்திசை, வாத்தியக்குழு மூன்றும் இணைந்து, நடிப்போ காட்சியமைப்போ இன்றிப் பாடப்படுவது ஒரட்டோரியோ. ஹாண்டெலின் 'மெசையா' இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அது 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேறியது. மறு ஆண்டு லண்டனில் பாடப்பட்டபோது, வேதவாக்கியங்களை நாடகக் கொட்டகையில் பாடலாமா என்ற எதிர்ப்பு எழுந்தது. புனித நூலொன்று அதன் வழக்கமான இடத்தை விட்டு வெளியே வரும்போது இத்தகைய தயக்கம் எழுவது எல்லா நாட்டுக்கும் பொது என்பதை இது காட்டுகிறது.

சிம்பொனி இசைக்குழு வாசித்ததால் இது சிம்பொனி என்று மக்கள் வழக்கில் நின்றுவிட்டது. சிம்பொனியை எதிர்பார்த்துக் கேட்டவர்கள் ஏமாற்றம் அடைந்தனர். சிம்பொனி என்று நம்பிப் பாராட்டியவர்கள் தவறான காரணத்துக்காகப் பாராட்டினர். இளையராஜா சிம்பொனி எழுதாதவர் அல்லர். 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவுக்காக அவர் எழுதிய சிம்பொனி வெளியாகவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியன்ட்' என்ற அவரது சிம்பொனி அரங்கேறியது. அதையும் 'திருவாசக'த்தையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவருக்கு இரு வடிவங்களின் வேறுபாடு எளிதில் விளங்கும். ஒன்றில் இசையே பேசுகிறது. மற்றொன்றில் இசை ஒரு நூலைப் பேச வைக்கிறது.

சைவ மரபினர் எழுப்பிய கேள்விகள்

தேவாரத்துக்குப் பண் வகுக்கப்பட்டுள்ளது. எட்டாம் திருமுறையான திருவாசகத்துக்கு அவ்வாறு பண் வகுக்கப்படவில்லை. ஓதுவார்கள் பெரும்பாலும் மோகன ராகத்தில் பாடுவது வழக்கம். எனவே பண் மீறப்பட்டது என்று குறை கூற இடமில்லை. மீறப்பட்டது பண் அன்று, பழக்கம். பழக்கத்துக்கும் மதிப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொல்லைத் தெளிவாக நிறுத்திப் பாடும் பயிற்சியை அது காத்து வந்திருக்கிறது.

மாணிக்கவாசகர் தாமே வடிவங்களைக் கலந்தவர் என்பதையும் எண்ண வேண்டும். அம்மானை, சுண்ணம் இடித்தல், சாழல், உந்தி, தோணோக்கம், ஊசல் ஆகியவை பெண்களின் விளையாட்டுகளோடும் வேலைகளோடும் சேர்ந்த பாட்டு வடிவங்கள். அவற்றைப் பக்திப் பாடலாக்கியது திருவாசகம். ஆகவே புதிய இசைவடிவம் திருவாசகத்துக்கு ஆகாது என்ற வாதம் அந்நூலின் இயல்போடு பொருந்தவில்லை.

கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் தயாரித்ததும் பேசுபொருளாயிற்று. ஜி.யு. போப் என்ற கிறித்தவ சமயத் தொண்டர் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்டார். அப்பணியைத் தமிழுலகம் நன்றியோடு ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு இதற்கும் பொருந்தும்.

ஆங்கில வரிகள்

சிவபுராணப் பாடலில் ஆங்கில வரிகள் வருகின்றன. இவற்றை எழுதியவர் அமெரிக்க இசைநாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ். இவை சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அல்ல. புல்லாகவும் பூடாகவும் புழுவாகவும் பிறந்து இளைத்த உயிர், மேலான ஒன்றை நோக்கி ஏங்குகிறது என்ற கருத்தை ஒட்டி எழுதப்பட்டவை.

தமிழ் அறியாதவருக்கு இவ்வரிகள் ஒரு வாசல். தமிழ் அறிந்தவருக்கோ இவை பாடலின் ஓட்டத்தில் ஒரு தடை. சிவபுராணம் 95 அடிகள் கொண்ட கலிவெண்பா. அடி அடியாக மேலேறி, மூச்சு விடாமல் ஓடுவது அதன் சிறப்பு. இடையில் மற்றொரு மொழி வரும்போது அந்த ஓட்டம் அறுபடுகிறது. இரு கருத்துகளிலும் உண்மை உண்டு. யாரை நோக்கிப் பாடுகிறது என்பதில் இப்பாடல் உறுதியாக இல்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் குறை.

திருவாசகமே தரும் அளவுகோல்

இவ்வளவு கருத்துகளுக்கு நடுவே ஒரு பொது அளவுகோல் தேவைப்படுகிறது. அதை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. சிவபுராணத்தின் இறுதி அடிகள், பாட்டின் பொருளை உணர்ந்து சொல்பவர்க்கே பயன் என்று கூறுகின்றன. பொன்னம்பலத்தில் அந்தணர்கள் கேட்டதும் பொருளைத்தான்.

கடலூர் மாவட்டத்து மருதூரில் 1823இல் பிறந்து வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய வள்ளலார், மாணிக்கவாசகரின் வாசகத்தைத் தாம் கலந்து பாடும்போது அதன் இனிமை ஊனிலும் உயிரிலும் கலப்பதாகப் பாடியிருக்கிறார். 'கலந்து பாடுதல்' என்பது இங்கே முக்கியமான சொல். பாடுபவரும் பாட்டும் வேறாக நிற்காத நிலை அது.

எனவே, இந்த இசை திருவாசகத்தின் பொருளை உணரச் செய்கிறதா, கேட்பவரைப் பாட்டோடு கலக்கச் செய்கிறதா என்று கேட்பதே பொருத்தமான விமர்சனம். சிம்பொனியா இல்லையா, மோகனமா இல்லையா என்பவை அதற்குப் பின் வர வேண்டியவை.

ஆறு பாடல்கள்: மதிப்பீடு

யாத்திரைப் பத்து அடியார்களைப் புறப்படச் சொல்லும் அழைப்பு. காலம் வந்துவிட்டது, பொய்யை விட்டுவிட்டு வாருங்கள் என்பது அதன் பொருள். தொகுப்பின் முதற்பாடலாக இதை வைத்தது பொருத்தம். சேர்ந்திசையும் பெரிய வாத்தியக்குழுவும் ஒரு கூட்டம் நடந்து செல்லும் உணர்வைத் தருகின்றன. தனியொருவர் பாடும்போது கிடைக்காத பொருள் இங்கே கிடைக்கிறது.

சிவபுராணப் பகுதி ஏறத்தாழ இருபது நிமிடம் நீள்வது; தொகுப்பில் மிக நீண்ட பாடல். இளையராஜாவின் குரல் பயிற்சியால் மெருகேறிய செவ்வியல் குரல் அன்று. தன்னைப் பொல்லாதவன் என்றும் கடையவன் என்றும் சொல்லிக்கொள்ளும் வரிகளுக்கு அக்குரலின் எளிமை பொருந்துகிறது. அதே பாடலில் ஆங்கிலப் பகுதிகள் வரும் இடங்களில் உருக்கம் குறைந்து, அரங்கத்தன்மை மிகுகிறது.

திருக்கோத்தும்பி அரச வண்டை விளித்து, இறைவன் திருவடியில் சென்று ஊதுமாறு வேண்டும் இருபது பாடல்களைக் கொண்டது. பிடித்த பத்து, உன்னை உறுதியாகப் பற்றிக்கொண்டேன், இனி எங்கே செல்வாய் என்று உரிமையோடு கேட்பது. இரண்டும் தனிமொழிகள். இங்கே வாத்தியக்குழு அடங்கி நிற்கும் இடங்கள் சிறப்பாக உள்ளன. குழு பெருகும் இடங்களில், நெருங்கிப் பேசும் தொனி சற்று விலகிப்போகிறது.

திருப்பொற்சுண்ணம் பெண்கள் கூடி நறுமணப் பொடி இடிக்கும்போது பாடும் பாட்டாக அமைந்தது. உலக்கையின் தாளம் அதன் யாப்பிலேயே உள்ளது. இளையராஜா நாட்டுப்புற இசையில் ஊறியவர். அந்த அறிவு இப்பாடலுக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. கேட்பவர் பொருள் தெரியாமலே இது வேலைப்பாட்டு என்று உணர முடிகிறது. இசை பொருளை உணர்த்துவது என்றால் என்ன என்று வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இப்பாடல் நல்ல எடுத்துக்காட்டு.

அச்சப் பத்து, தாம் அஞ்சாதவற்றை ஒவ்வொன்றாக அடுக்கி, பிறகு அஞ்சுவது எதற்கு என்று சொல்வது. பாம்புக்கும் பொய்யரின் மெய்க்கும் அஞ்சாதவர், இறைவனிடம் அன்பு இல்லாதவரைக் கண்டால் அஞ்சுகிறார். அடுக்கலும் திருப்பமும் கொண்ட இந்த அமைப்பு நாடகத்தன்மை உடையது. வாத்தியக்குழுவின் வலிமை முழுவதும் பயன்படுவது இங்கேதான்.

பதிகத்தின் பேச்சுமுறை எதுவோ அதை இசை பின்பற்றும் இடங்களில் தொகுப்பு வெற்றி பெறுகிறது. அழைப்பு, வேலைப்பாட்டு, அச்சத்தின் அடுக்கு ஆகியவை கூட்டுக்குரலுக்கு இயல்பாக இடம் தருகின்றன. அந்தரங்கமான தனிமொழிகளில் வெற்றி முழுமையாகக் கிட்டவில்லை.

குறைகள்

முதற்குறை, சொல்தெளிவு. சேர்ந்திசையும் முழு வாத்தியக்குழுவும் ஒருங்கே ஒலிக்கும் இடங்களில், நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதவருக்குச் சொற்கள் பிடிபடுவது கடினம். தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுபவை. 'கல்' நீண்டால் 'கால்' ஆகிவிடும். பழஞ்சொற்கள் நிறைந்த நூலில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஓதுவார் மரபு சொல்லை முன்னிறுத்தி இசையைப் பின்னிறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது, முழுமையின்மை. பாடல்களின் சில பகுதிகளே எடுக்கப்பட்டதால், பத்துப் பாடல்களும் சேர்ந்து தரும் வளர்ச்சி கேட்பவருக்குக் கிடைப்பதில்லை. அச்சப் பத்தின் முழு அடுக்கையும் நூலில் படித்தவருக்குத் தொகுப்பு ஒரு முன்னுரை போலவே தோன்றும்.

மூன்றாவது குறை இசையமைப்பாளருடையது அன்று, கேட்பவருடையது. 'சிம்பொனி' என்ற பெருமிதமே போதும் என்று பலர் நின்றுவிட்டனர். வெளிநாட்டு இசைக்குழு வாசித்ததால் திருவாசகத்துக்குப் பெருமை சேர்ந்தது என்று சொல்வது தலைகீழான பாராட்டு. போப்பின் மொழிபெயர்ப்புக்கும் வள்ளலாரின் உருக்கத்துக்கும் எந்த இசைக்குழுவும் தேவைப்படவில்லை.

மதிப்பீட்டின் முடிவு

இத்தொகுப்பு ஓதுவார் மரபுக்கு மாற்று அன்று. அதை மாற்றாக எடுத்துக்கொண்டால் இழப்பு பெரிது. இரண்டு தலைமுறைக்குப் பின் திருவாசகம் என்றால் இந்த ஆறு பாடல்களே என்று ஆகிவிடக்கூடும். மாறாக, மரபுக்கு ஆகாதது என்று ஒதுக்கினாலும் இழப்பு உண்டு. கோயில் மண்டபத்துக்கு வராத, பாராயணத்துக்கு உட்காராத ஒருவர் திருவாசகத்தின் ஒரு வரியைக் கேட்டு நின்றுவிடக்கூடிய வாய்ப்பு இத்தொகுப்பால் உண்டானது. அந்த வாய்ப்பை அடைத்துவிடக் கூடாது.

மாணவர் ஒருவர் இதைப் பயன்படுத்த எளிய வழி உண்டு. முதலில் திருப்பொற்சுண்ணத்தை உரையோடு படிக்க வேண்டும். பிறகு ஓதுவார் ஒருவர் பாடுவதைக் கேட்க வேண்டும். அதன்பின் இத்தொகுப்பில் கேட்க வேண்டும். உலக்கைத் தாளம் மூன்றிலும் எங்கெங்கே ஒலிக்கிறது, எங்கே மறைகிறது என்று கவனித்தால், இத்தொகுப்பு குறித்த கருத்தை அவர் பிறரிடம் கடன் வாங்க வேண்டியிராது. பொருளறிந்து கேட்பவரின் கருத்து எதுவாயினும், அது திருவாசகம் கேட்கும் தகுதியோடு சொல்லப்பட்ட கருத்தாக இருக்கும்.